மேட்டைத் தாண்டாத கார்

“கார் தானா நின்னுச்சா, நீங்க நிறுத்தினீங்களா?”

“அது தெரிஞ்சா நான் ஏன் மேடம் உங்ககிட்ட வர்றேன்?”

“தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? போனவங்க திரும்பி வரப் போறதில்லை.”

“எங்க அம்மாவை நான்தான் கொன்னேனான்னு தெரியணும். ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்க, அழ மாட்டேன். எட்டு மாசமா எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஆனா அளந்து பார்த்துச் சொன்னவங்க யாரும் இல்ல.”

நான்கு நாட்களுக்கு முன் ஆபீசில் நடந்த இந்தப் பேச்சு, காரின் பின் சீட்டில் குந்தியிருந்த ரேடியோவின் காதில் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. அவனுக்கு ரேடியோ என்று பெயர் வந்தது பேச்சை நிறுத்தத் தெரியாததால். பன்னிரண்டு வருடம் கார்களுக்கு ஒயரிங் செய்து பிழைத்தவன். கடையை மூடிவிட்டு இந்த அம்மாளிடம் உதவியாளனாகச் சேர்ந்தபோது, “சம்பளம் கம்மி, ஆனா கேக்கறதுக்கு ஒரு ஆள் கெடைச்சாச்சு” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான்.

அந்த அம்மாள் அவனுக்குப் பக்கத்தில், டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருடம் நொறுங்கிய வண்டிகளை அளந்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறியும் தொழில். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அளக்கிற டேப் இருக்கும். ஊரில் அவளுக்கு இன்ச்டேப் என்றே பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் அவள் கோபித்துக்கொள்வதில்லை.

காரை ஓட்டிக்கொண்டிருந்தவள் டீச்சர். முன்பு கணக்கு டீச்சர். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டாள். ஐந்தடிக்கும் குறைவு. ஸ்டியரிங்கை ஏதோ கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்து சீட்டில் கால்களை நீட்ட முடியாமல் மடக்கி வைத்திருந்த நெட்டை மனிதர் அவள் கணவர், பல் டாக்டர். சோதனை ஓட்டத்துக்கு ஒப்புக்கொண்டதே அவர்தான். “தாராளமா பாருங்க. பார்த்துட்டு, தப்பு இவ மேலதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அப்புறம் இந்த வண்டியைக் காயலான் கடையில தள்ளிட்டு நிம்மதியா தூங்கலாம்” என்று சொல்லியிருந்தார்.

கார் பழசு. டீச்சருடைய அப்பா ஓட்டியது. மூன்று வருடத்துக்கு முன்பு கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்ஜெக்ஷன் பொருத்தினார்கள். பழைய முறையில் இன்ஜின் தனக்கு வேண்டிய பெட்ரோலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். புது முறையில் டாங்கில் ஒரு மின்சார பம்ப் உட்கார்ந்து பெட்ரோலைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பம்புக்குக் கரண்ட் இல்லையென்றால் இன்ஜினுக்கு ஒரு சொட்டு கிடையாது.

அன்றிலிருந்து இந்த வண்டிக்கு ஒரு பழக்கம். ஊருக்குள் பூனை மாதிரி ஓடும். ஊரைத் தாண்டி மேட்டு ரோட்டில் ஏறினால் பாதியில் நின்றுவிடும். அரை மணி கழித்துத் தானே கிளம்பும். மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஒருவன் பொறி கொடுக்கும் காயில் சூடாகிறது என்று காயிலை மாற்றினான். ஒருவன் எர்த் சரியில்லை என்று புது ஒயர் போட்டான். மூன்றாமவன் பம்பையே மாற்றினான். மாற்றிய பிறகு மூவரும் தாங்களே மேட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். நிற்கவே இல்லை. “வண்டியில ஒண்ணும் இல்லீங்க, ஓட்டறவங்ககிட்டதான்” என்று மூவரும் ஒரே பாட்டைப் பாடிவிட்டுப் போனார்கள்.

அதை நம்பித்தான் எட்டு மாதத்துக்கு முன், நெஞ்சுவலியில் துடித்த அம்மாவை இதே பின் சீட்டில் படுக்கவைத்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருதய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள் டீச்சர். ஆம்புலன்ஸ் வேறு எங்கோ போயிருந்தது. அண்ணன் ஊரில் இல்லை. கணவருக்குப் போன் செய்தபோது, “இங்க ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார், எப்படி வர்றது?” என்று வைத்துவிட்டார்.

பாதி மேட்டில் கார் நின்றது. இருபது நிமிடம் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த வழியாக வந்த ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பினார். கார் கிளம்பிவிட்டது.

அதற்குள் அம்மா போய்விட்டிருந்தாள்.

இப்போது அதே மேடு. மூன்றாவது வளைவு தாண்டியதும் இன்ஜின் ஒரு முறை செருமியது, இன்னொரு முறை செருமியது, அப்புறம் மூச்சை விட்டுவிட்டது. டீச்சர் காரை ஓரமாக உருட்டி நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்தாள்.

“ஆச்சு!” என்றார் டாக்டர், கைகளைத் தட்டி. “இடம்கூட மாறலை பாருங்க. அவங்க அம்மா கண்ணை மூடினது இன்னும் ஒரு அம்பது அடி மேல. இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரமே கொன்னுட்டா.”

இன்ச்டேப் டாக்டரின் பின்னந்தலையை ஒரு பார்வை பார்த்தாள். ரேடியோ, கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்ட் லைட்டை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

“டாக்டர் சார், உங்க கிளினிக்ல மரத்துப்போற ஊசி போடுவீங்களே, அதை நீங்களே போட்டுக்கிட்டீங்களா? கேக்கறவங்களுக்கு வலிக்குதுன்னுகூடத் தெரியலையே!”

“ரேடியோ, வேலை” என்றாள் இன்ச்டேப்.

பானெட்டைத் திறந்தான். காயில் தொடக்கூடிய சூட்டில்தான் இருந்தது. ஸ்பார்க் நீலமாகப் பளிச்சென்று வந்தது. பியூஸ் எல்லாம் நலம். பின்னால் போய் டிக்கியைத் திறந்து, பம்புக்குப் போகும் ஒயரில் லைட்டைக் குத்தினான். “டீச்சர், சாவியை ஒரு தடவை அணைச்சுட்டுப் போடுங்க.” சாவி போட்டதும் பம்ப் இரண்டு நொடி முனக வேண்டும். முனகல் இல்லை. லைட்டும் எரியவில்லை.

“நெருப்பு இருக்கு மேடம், பெட்ரோல் இல்ல” என்று கத்தினான். “பம்புக்குக் கரண்ட் வர்ற வழியில எவனோ கேட்டைச் சாத்திட்டான்.”

“கேட்டும் இல்ல, பூட்டும் இல்ல” என்று டாக்டர் இறங்கிச் சுற்றி வந்தார். “ஏய், எழுந்திரு. மேடத்துக்கு நான் காட்டறேன்.” டீச்சர் இறங்க இறங்கவே அவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு நெம்புகோலை இழுத்து, சீட்டைத் தடாலென்று பின்னுக்குத் தள்ளிக்கொண்டு ஏறினார். சாவியை அணைத்துப் போட்டார்.

டிக்கியில் ரேடியோவின் கையிலிருந்த லைட் எரிந்தது. பம்ப் ‘ம்ம்ம்’ என்றது. இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

“பார்த்தீங்களா?” டாக்டர் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து உறும விட்டார். “அன்னிக்கு லாரிக்காரன், இன்னிக்கு நான். சில கைக்குச் சில ராசி. ஓடற வண்டியில ஒரு உசிரைப் போக்கறதுக்கும் ஒரு திறமை வேணும்ல?”

டீச்சர் ரோட்டோரக் கல்லைப் பார்த்தபடி நின்றாள். ரேடியோவுக்கு வாயில் நாலு வார்த்தை வந்தது. ஆனால் கையில் எரிகிற லைட்டைப் பார்த்ததும் நாலும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவனுடைய பன்னிரண்டு வருட அனுபவத்தில் ஆள் பார்த்துக் கரண்ட் ஓடி அவன் பார்த்ததில்லை.

பின் சீட்டிலிருந்து இன்ச்டேப்பின் குரல் வந்தது. “டாக்டர், கொஞ்சம் சீட்டை முன்னாடி இழுக்கறீங்களா? என் முழங்கால் ரெண்டும் நசுங்குது.”

“சாரி மேடம். என் காலுக்கு இடம் பத்தாது.”

“தெரியுது. உங்க மனைவி ஓட்டினவரைக்கும் நான் சௌகரியமாத்தான் உட்கார்ந்திருந்தேன்.” அவள் மெதுவாக இறங்கி, முழங்காலைத் தடவிக்கொண்டே டீச்சரிடம் போனாள். “அந்த லாரி டிரைவர் ஆள் எப்படி?”

“நல்ல உயரம் மேடம்.”

“உங்க சீட்ல அப்படியே உட்கார்ந்தாரா?”

டீச்சர் யோசித்தாள். “இல்ல. உள்ளயே நுழைய முடியலை. சீட்டைப் பின்னாடி தள்ளிட்டுத்தான்...” வாக்கியம் பாதியில் நின்றது.

“அந்த மூணு மெக்கானிக்?”

“எல்லாரும் முதல்ல அதைத்தான் செஞ்சாங்க. ஒருத்தர்கூட, ‘இது சீட்டா, சின்னப் பிள்ளைங்க பெஞ்சா’ன்னு கேட்டார்.”

இன்ச்டேப் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். பெடலிலிருந்து சீட்டு விளிம்பு வரை அளந்தாள். டாக்டரை இறக்கிவிட்டு, டீச்சர் எப்போதும் வைக்கும், தண்டவாளத்தின் முதல் பல்லுக்குச் சீட்டை இழுக்கச் சொல்லி மறுபடி அளந்தாள். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், யாரும் தொடாமல், செருமிச் செருமி நின்றது.



“ஒன்பது அங்குலம்” என்றாள் இன்ச்டேப், டேப்பைச் சுருட்டியபடி. “இந்த வண்டியைச் சோதிச்ச ஒவ்வொரு ஆளும், சோதிக்கறதுக்கு முன்னாடி கோளாறைக் கையால தள்ளிச் சரி பண்ணிட்டுத்தான் உட்கார்ந்திருக்காங்க. ரேடியோ, படு.”

ரேடியோ மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தலையைச் சீட்டுக்கு அடியில் விட்டான். அவன் வாய் அடைபட்ட அபூர்வமான தருணம் அது. இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தபோது உள்ளங்கையில், கதவு திறந்தால் விளக்கு எரிவதற்காக வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது. வாலில், மெழுகு நூலால் சீராக முடிச்சுப் போட்டுக் கட்டிய இரண்டு கறுப்பு ஒயர்.

“சீட் தண்டவாளத்துல முன்பக்க மூலையில ஒக்காந்திருந்துச்சு மேடம். சீட்டு முன்னாடி வந்தா அமுங்கும். ஒயர் கார்பெட்டுக்கு அடியில போய், ரேடியேட்டர்கிட்ட ஒரு சூட்டு சுவிட்ச்சுல சேருது. இன்ஜின் நல்லா கொதிக்கணும், சீட்டும் முன்னாடி இருக்கணும். ரெண்டும் ஒண்ணு சேர்ந்தா பம்புக்குக் கரண்ட் கட். ஊருக்குள்ள அந்தச் சூடு வராது. மேடு ஏறினா வரும். அரை மணி ஆறப் போட்டா திரும்ப ஓடும்.” அவன் டீச்சரைப் பார்க்காமல் சொன்னான். “இது கோளாறு இல்ல. இது ஒரு ஆளுக்காக அளவெடுத்துத் தெச்ச சட்டை.”

இன்ச்டேப் டீச்சரின் தோளில் கை வைத்தாள். “கேட்டீங்களே, பதில் வாங்கிக்கோங்க. நீங்க நிறுத்தலை. நீங்க கொல்லலை. அளந்தாச்சு.”

அழமாட்டேன் என்று சொன்னவள் அழவில்லை. காலடியில் தரை இருக்கிறதா என்று பார்ப்பவள்போல் ஒரு முறை குனிந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

ரேடியோ டாக்டர் பக்கம் திரும்பினான். நாலு வார்த்தையும் இப்போது வரிசையாக வந்து நின்றன. “என்ன டாக்டர் சார், முடிச்செல்லாம் பிரமாதம். மெழுகு நூல், சம இடைவெளி, பல்லு பிடுங்கின ஈறைத் தைக்கிற மாதிரி. பொண்டாட்டி ஊருக்குள்ள கடைக்குப் போகலாம், காய் வாங்கலாம், துணி வெளுக்கப் போடலாம். மேட்டைத் தாண்டக் கூடாது. அப்படித்தானே?”

டாக்டரின் முகம் முதன்முறையாக வெளுத்தது. “எனக்கு ஒரு பல்பு மாத்தத் தெரியாதுய்யா! கிளினிக்ல பியூஸ் போனாக்கூட ஆள் கூப்பிடறவன் நான்! நான் ஏன் இதெல்லாம்... நான் சொன்னா அவ வீட்ல இருப்பா, எனக்கு சுவிட்ச் வேற எதுக்கு?”

“கடைசியா சொன்னது உண்மைன்னு நம்பறேன்” என்றாள் இன்ச்டேப் குளிர்ச்சியாக. “ரேடியோ, அவரை விடு. கார்பெட்டுக்கு அடியில அந்த ஒயர் எங்க போகுது? பம்புக்குப் போற பெரிய ஒயர்க் கட்டுக்கு மேலயா, கீழயா?”

ரேடியோ மறுபடி குனிந்தான். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். “கீழ மேடம்.”

“அப்போ எது முதல்ல போட்டது?”

“கீழ இருக்கறதுதான்.” அவன் ஒயரை விரலால் தொட்டுக் காட்டினான். “அப்புறமா வந்து எவனும் சொருகலை. இன்ஜெக்ஷன் பொருத்தின அன்னிக்கே, பம்ப் ஒயர் இழுக்கறதுக்கு முன்னாடியே இது படுத்தாச்சு.”

“டீச்சர், இன்ஜெக்ஷன் பொருத்தினது யாரு?”

“அண்ணன்.” டீச்சர் சட்டென்று தலையை ஆட்டினாள். “இல்ல மேடம். அவன் இல்ல. பணம் ஒண்ணும் வேணாம்னு ரெண்டு வாரம் உட்கார்ந்து செஞ்சு கொடுத்தான். அவன் கடையில வேலை செஞ்ச யாராவது இருக்கும். அம்மா போனப்புறம் எல்லாரும் என்னைக் காறித் துப்பினப்பக்கூட அவன் ஒரு வார்த்தை சொல்லலை. முதுகுக்கு வெச்சுக்கோன்னு மெத்தை தெச்சு அனுப்பினான், இன்னும் பிரிக்கக்கூட இல்ல. ‘சீட்டை முன்னாடி இழுக்காத பாப்பா, இதை வெச்சுக்கிட்டு ஓட்டு’ன்னு...”

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. சொன்னது அவள் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

ரேடியோ எத்தனையோ குற்றவாளிகள் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறான். சாட்சி சொல்ல வந்தவளே இப்படித் தன் கையால் கத்தியைத் தன் மேல் இறக்கிக்கொள்வதை அவன் பார்த்ததில்லை.

அண்ணனின் ஒர்க்ஷாப் மேட்டின் அடிவாரத்தில் இருந்தது. தகரக் கூரை. சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டியிருந்த பழைய கார்புரேட்டர்கள். எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையில் பாதி பிரித்த ஒரு வேன். வேனுக்கு அடியிலிருந்து உருண்டு வந்தவன் தங்கையைப் பார்த்ததும் சிரித்தான். தங்கைக்குப் பின்னால் மாப்பிள்ளையையும், அவருக்குப் பின்னால் அறிமுகமில்லாத இரண்டு பேரையும் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

இன்ச்டேப் அந்தக் குட்டி சுவிட்சை அவன் மேஜையில், திருப்புளிகளுக்கு நடுவில் வைத்தாள்.

அவன் பஞ்சுக் கழிவை எடுத்துக் கை துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“மெத்தை எப்படி, வசதியா இருந்துச்சான்னு கேக்கலையே?” என்றான் ரேடியோ. வழக்கமான கிண்டல்தான். ஆனால் சொன்ன பிறகு அவனுக்கே அது கசந்தது.

“எட்டு மாசமா இதைக் கழட்டத்தான் பார்த்தேன்” என்றான் அண்ணன். குரல் கீழே கிடந்தது. “ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளை ஷெட்டைத் திறக்கலை. ‘கொலைகார வண்டி, யாரும் தொட வேணாம்’னுட்டார்.”

“தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கலாமே?” என்றாள் இன்ச்டேப்.

“எப்படிங்க சொல்றது?”

“எல்லாரும் அவங்களைக் கொலைகாரின்னு சொன்னப்போ பேசாம இருந்தீங்களே, அது எப்படிங்க முடிஞ்சுது?”

டீச்சர் முன்னால் வந்தாள். மேஜையின் விளிம்பு அவள் இடுப்புக்கு மேலே நின்றது.

“யார் சொல்லிச் செஞ்ச?” அவள் விரல் பின்னால், கணவர் இருக்கும் திசையைக் காட்டியது. “இவரா?”

“இல்ல பாப்பா.”

“பயப்படாத. சொல்லு.”

“மாப்பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது.” பஞ்சுக் கழிவு அவன் கையிலிருந்து விழுந்தது. “அம்மா.”

கூரைத் தகரம் வெயிலில் ஒரு முறை படபடத்தது.

“உனக்குக் கல்யாணமான ரெண்டாவது வருஷம் வீட்டை விட்டு மேட்டைத் தாண்டிப் போய் ஹாஸ்டல்ல ஒன்பது நாள் இருந்தியே, ஞாபகம் இருக்கா? அம்மாதான் வந்து கூட்டிட்டு வந்தாங்க. வந்த அன்னிக்கே என்கிட்ட சொன்னாங்க. ‘அவ காரைப் பிடுங்கினா ஊர் சிரிக்கும். ஊருக்குள்ள ஓட்டட்டும், பாவம். ஆனா மேட்டைத் தாண்ட விடாத. நீ மெக்கானிக்தானே, ஏதாவது செய்.’ நான் முடியாதுன்னேன். மூணு நாள் அவங்க சாப்பிடலை. மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை ஓட்டினா நிக்கக் கூடாது, நீ ஓட்டினா மட்டும் நிக்கணும். ரொம்ப யோசிச்சு...” அவன் சொல்லிக்கொண்டே வந்து, தான் செய்த வேலையின் சாமர்த்தியத்தைத் தானே விவரிப்பதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டாக்டர் சத்தமாகச் சிரித்தார். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் சிரிப்பாக வந்தது. “அட, என் மாமியாரே! மச்சான், நான் அந்த அம்மாவை என்னவோன்னு நினைச்சேன். எனக்கே இது தோணலை பாருங்க. மாப்பிள்ளை மேல எவ்வளவு பாசம்!”

“சார்” என்றான் ரேடியோ, “உங்க தொழில்ல வாயை எப்படித் திறக்கறதுன்னு மட்டும்தான் சொல்லித் தருவாங்களா?”

அந்த இரண்டு பேர் பேசியது டீச்சரின் காதில் விழவில்லை.

“அன்னிக்கு நான் காரை எடுத்தப்போ அம்மா வேண்டாம்னாங்க” என்றாள் மெதுவாக. “‘வேண்டாம்டி, அண்ணன் வரட்டும், அவன் வண்டியில போறேன்’னாங்க. என் டிரைவிங் மேல நம்பிக்கை இல்லைன்னு நினைச்சேன். சாகப்போற நேரத்துலகூட என்னை நம்பலையேன்னு இத்தனை நாளா அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.” அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். “அவங்களுக்குத் தெரியும். இந்தக் கார் மேட்டுல நின்னுடும்னு.”

அண்ணன் தலைகுனிந்தான்.

“நின்னப்புறம்? இருபது நிமிஷம் நான் சாவியைத் திருப்பினேன். பானெட்டைத் திறந்து ஒண்ணும் புரியாம எல்லா ஒயரையும் ஆட்டினேன். நடுவுல நடுவுல ஓடி வந்து அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவங்க பேசினாங்கண்ணா. தண்ணி கேட்டாங்க. ஜன்னலை இறக்கச் சொன்னாங்க. ‘சீட்டைப் பின்னாடி தள்ளு’ன்னு ஒரு வார்த்தை...”

“அது அவங்களுக்குத் தெரியாது பாப்பா! சத்தியமா. மேட்டுல நிக்கும்னு மட்டும்தான் சொன்னேன். எப்படின்னு அவங்க கேக்கலை, நானும் சொல்லலை.”

“‘அண்ணனுக்குப் போன் பண்ணு, அவனுக்குத் தெரியும்’னு சொல்லியிருக்கலாமில்ல?”

ரேடியோ சுவரிலிருந்த கார்புரேட்டர்களை எண்ண ஆரம்பித்தான். பதினொன்று. மறுபடி எண்ணினான். வேறு எங்கே பார்ப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. போன் பண்ணு என்று சொல்லியிருந்தால், எப்படித் தெரியும் என்று மகள் கேட்டிருப்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதைவிட மூச்சு முட்டுவது அந்த அம்மாவுக்கு எளிதாக இருந்திருக்கிறது. உலகத்தில் எதற்கும் ஒரு கிண்டல் இருக்கிறது என்று நம்பியவன் அவன். இதற்கு இல்லை.

இன்ச்டேப் நாற்காலி ஒன்றை இழுத்து டீச்சருக்குப் பின்னால் வைத்தாள். டீச்சர் உட்காரவில்லை.

“போலீஸ்ல சொல்லணும்னா நான் எழுதித் தரேன்” என்றாள் இன்ச்டேப். “அது உங்க இஷ்டம். இன்னிக்கே முடிவு பண்ண வேணாம்.”

“சொல்லு பாப்பா” என்றான் அண்ணன். “நானே வரேன். நீ என்ன சொன்னாலும் சரி.”

“ஒண்ணு மட்டும் கேக்கணும்” என்றாள் டீச்சர். “நான் வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வருவேன். எதுக்கு வந்தேன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

அண்ணன் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான். “தெரியும். நீ வந்து சமையல்கட்டு வாசல்ல நிப்ப. கதவு நிலையை நகத்தால சுரண்டிக்கிட்டே நிப்ப. நீ வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்க வேற பேச்சை எடுத்துடுவாங்க. பக்கத்து வீட்டுக் கல்யாணம், தண்ணி வரலை, என்னத்தையாவது. நீ போனப்புறம் என்கிட்ட சொல்வாங்க. ‘அவ கேட்டுட்டா எனக்கு இல்லைன்னு சொல்ல வராதுடா. அதனால கேக்கவே விடக்கூடாது.’”

“என்னத்தைக் கேக்கணும்?” டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “அதான் நீ கொல்லலைன்னு ஆயிடுச்சே, சந்தோஷம்தானே? வா, வண்டியில ஏறு. கிளினிக்ல மூணு பேர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.”

அவர் நடந்து போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. ரேடியோ கவனித்தான்; அவள் கை மேஜை விளிம்பைப் பற்றியிருந்தது, ஆனால் நகம் சுரண்டவில்லை.

“அம்மா வீட்டுச் சாவி உன்கிட்டதானே இருக்கு?”

“ம்.”

“அவங்ககிட்ட கேக்கறதுக்காக மூணு வருஷமா வெச்சிருந்தேன். வர்ற வழியெல்லாம் கார்ல தனியா சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். அவங்க இல்ல. நீதான் பதில் சொல்லணும்.”

“ஏய்” என்றார் டாக்டர், கதவைப் பிடித்தபடி.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஒர்க்ஷாப்பில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக, கேட்டாள்.

“அண்ணா, நான் நம்ம வீட்டுலயே இருந்துக்கட்டுமா?”